வம்சாவளியா, வாழ்ந்த காலமா? அராத்தா இஸுமியை முன்வைத்து

தலைப்பைப் பார்த்ததும் உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். எனக்கும் என் துறை நண்பர்களுக்கும் பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கு இது என்பது இந்த அவைக்குத் தெரியாததல்ல. ஒரு நாட்டின் சட்டையை அணிந்து ஆடும் உரிமை ஒருவருக்கு எதனால் வருகிறது? பாட்டனோ பாட்டியோ அங்கே பிறந்ததாலா, அவரே அங்கே வாழ்ந்து ஆடியதாலா? நண்பர்கள் முன்னதைச் சொல்கிறார்கள், நான் பின்னதைச் சொல்கிறேன். தங்கள் பக்கத்துச் சாட்சியாக அவர்கள் அடிக்கடி நிறுத்தும் ஆளையே இன்று நான் குறுக்கு விசாரணை செய்யப்போகிறேன்.

அராத்தா இஸுமி 1982இல் ஜப்பானின் ஷிமொனொசெக்கியில் பிறந்தவர். தாய் ஜப்பானியர், தந்தை இந்தியர். மத்தியத் திடல் ஆட்டக்காரர். 2013 பிப்ரவரி 6ஆம் நாள், கொச்சியில், பாலஸ்தீனத்துக்கு எதிராக இந்தியாவுக்கு முதன்முதலாக ஆடினார். இந்தியா 2–4 எனத் தோற்றது. இந்த மூன்று தகவல்களோடு என் நண்பர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். தந்தை இந்தியர், மகன் இந்தியாவுக்கு ஆடினார், ஆகவே இரத்தம் அழைத்தது, மகன் வந்தார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1982க்கும் 2013க்கும் இடையே முப்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால் கதை வேறாகிறது.

அந்த இரத்தம் அவர் உடலில் பிறந்த நாள் முதலே ஓடியது. அதைக் கேட்டு இந்தியாவிலிருந்து எவரும் ஷிமொனொசெக்கிக்குப் போகவில்லை. ஜப்பானில் பெரிய குழு எதிலும் நிலைக்காத ஓர் இளைஞராக அவர் 2005இல் சிங்கப்பூருக்கு வந்து, ஜப்பானியர்களையே பெரும்பாலும் கொண்டிருந்த அல்பிரெக்ஸ் நீகாத்தா குழுவில் ஆடினார். 2006இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். போனது வெளிநாட்டு ஆட்டக்காரராக. அதாவது ஒரு குழு வைத்துக்கொள்ளக்கூடிய விரல்விட்டு எண்ணத்தக்க அந்நிய இடங்களில் ஒன்றை நிரப்புபவராக. தந்தை இந்தியர் என்பதற்காகக் குழு அவருக்கு எந்தச் சலுகையும் தரவில்லை, தரவும் முடியாது. பிறகு மும்பையின் மகிந்திரா யுனைடெட். 2009 முதல் புனே எஃப்.சி. அந்தக் குழு இந்தியாவின் ஐ-லீக்கில் தன் முதல் பருவத்திலேயே மூன்றாம் இடம் பிடித்தது, 2012–13இல் இரண்டாம் இடம். அந்த ஆண்டுகளில் புனேயின் மத்தியத் திடல் என்றாலே இஸுமியின் பெயர்தான் முதலில் வரும். இந்தியத் தேசியக் குழு அவரைத் தேடியது இதற்குப் பிறகுதான். ஈஸ்ட் பெங்காலில் தொடங்கிக் கொச்சி வரை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். முப்பது ஆண்டுகளாகச் சும்மா கிடந்த இரத்தம் திடீரென்று பேசியதா, ஏழு ஆண்டு ஆட்டம் பேசியதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

அவர் எந்த இடத்தில் ஆடினார் என்பதும் இங்கே முக்கியம். முன்வரிசை ஆட்டக்காரர் விமானத்திலிருந்து இறங்கிய வாரத்திலேயே கோல் போடலாம். பந்து வந்தால் உதைக்க வேண்டியதுதான். மத்தியத் திடலில் நிற்பவருக்கு அது நடக்காது. இடப்புறத் தற்காப்பாளர் பந்தை எந்தக் காலில் வாங்குவார், வலப்புறத்தில் ஓடுகிறவர் எழுபதாவது நிமிடத்தில் களைத்துவிடுவாரா, இந்தப் புல்தரையில் தாழ்வாக அனுப்பிய பந்து மழைக்குப் பின் எவ்வளவு தூரம் போகும், நடுவர் எந்த மோதலுக்கு விசில் ஊதுவார், எதற்குப் பேசாமல் இருப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூட ஆடுகிறவர்களின் பழக்கத்தைக் காலால் படிப்பதுதான் அவர் தொழில். கொல்கத்தாவின் சேற்றிலும் மும்பையின் புழுக்கத்திலும் புனேயிலும் இஸுமி படித்தது இதைத்தான். 2013இல் இந்தியப் பயிற்றுநர் விம் கூவர்மன்ஸ் அவரை அழைத்தபோது, குழுவில் இருந்த பலர் அவர் லீக்கில் கூடவோ எதிர்த்தோ ஆடியவர்கள். தந்தையின் பிறப்புச் சான்றிதழ் எந்தத் தற்காப்பாளரின் இடது காலைப் பற்றியும் அவருக்குச் சொல்லியிருக்காது.

சட்டை அவருக்குச் சும்மாவும் கிடைக்கவில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் மட்டுமே நாட்டுக்கு ஆடலாம் என்று இந்திய அரசு 2008இல் விதி செய்தது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, ஜப்பானும் ஏற்பதில்லை. ஆகவே இஸுமி ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்தார். நீல்கண்ட் கம்போல்ஜா என்ற இந்தியப் பெயரும் அவருக்கு உண்டு. விசா இல்லாமல் உலகில் பாதியைச் சுற்றக்கூடிய கடப்பிதழைக் கொடுத்துவிட்டு, தூதரக வாசல்களில் வரிசையில் நிற்க வைக்கும் கடப்பிதழை வாங்குவது வயது முப்பதில், கால்கள் இன்னும் எத்தனை பருவம் தாங்கும் என்று தெரியாத ஒருவர் செய்யும் காரியம். வாழ்ந்து பழகிய ஊருக்காக மட்டுமே ஒருவர் இந்தக் கணக்கைப் போடுவார். அதற்குப் பிறகும் அவர் அங்கேயே இருந்தார். 2014இல் முதல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்) கோப்பையை வென்ற கொல்கத்தாக் குழுவில் இருந்தார், பின்னர் இளையோருக்குப் பயிற்றுநரானார்.

இங்கே ஒரு நண்பர் எழுந்து, தந்தை இந்தியராக இருந்திராவிட்டால் அவர் அந்தக் குடியுரிமையைக் கேட்டிருப்பாரா என்று கேட்பார். நியாயமான கேள்வி. தந்தைவழி உறவு அவர் மனத்தைச் சாய்த்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது காரணமாக இருந்தால், அந்த உறவு இல்லாதவர்கள் எவரும் இந்த வழியில் வந்திருக்கக் கூடாது. ஜப்பானையே பாருங்கள். ரூய் ராமோஸ் பிரேசிலில் பிறந்தவர், அவரும் மத்தியத் திடல் ஆட்டக்காரர். 1977இல் இருபது வயதில் தோக்கியோவின் யொமியுரி குழுவுக்கு வந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே ஆடிய பிறகு 1989இல் ஜப்பானியக் குடிமகனானார். 1992இல் ஹிரோஷிமாவில் ஜப்பான் முதன்முதலாக ஆசியக் கோப்பையை வென்றபோது அவர் அந்தக் குழுவின் மூளை. உடலில் ஒரு சொட்டு ஜப்பானிய இரத்தம் கிடையாது. இரத்தத்தை அவ்வளவு பேசும் நாடு என்று நாம் நினைக்கும் ஜப்பானே அவரிடம் பாட்டியைக் கேட்கவில்லை. இன்னொரு பக்கம் கட்சுமி யுசாவைப் பாருங்கள். ஃபுகுஷிமாக்காரர், மத்தியத் திடல், 2014–15இல் மோகன் பகானோடு ஐ-லீக் வென்றவர், பிறகு கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி குழுவுக்கும் வந்தவர். இந்தியாவில் பல பருவங்கள் உழைத்தும் இந்தியச் சட்டை அவருக்கு எட்டாதது. யுசாவைப் பற்றிச் சொல்ல என் நண்பர்களின் கொள்கையில் ஒரு வரி இல்லை.

இனி நம் வீடான மலேசியாவுக்கு வருவோம். 2025இல் மலேசியக் குழுவில் சேர்ந்த ஏழு வம்சாவளி ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று ஃபிஃபா முடிவு செய்து, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதம் விதித்ததை எல்லாரும் படித்தோம். நாம் கூர்ந்து பார்க்காத ஒன்று உண்டு. கொடுக்கப்பட்ட தாள்களில், ஏழு பேரில் மூவரின் பாட்டனோ பாட்டியோ பிறந்த இடமாகப் பினாங்கும் ஜார்ஜ்டவுனும் எழுதப்பட்டிருந்தன. ஃபிஃபா தேடியெடுத்த மூலச் சான்றிதழ்களின்படி அந்த மூன்று முதியவர்களும் பிறந்தது அர்ஜென்டினாவில். ஜார்ஜ்டவுன் என்று ஒரு தாளிலும் புவெனஸ் ஐரிஸ் என்று இன்னொரு தாளிலும் இருக்கிறது. இரத்தத்தை உரிமையாக்கினால் அதை நிறுவத் தாள் வேண்டும், தாளைத் திருத்தலாம். ஒருவர் நம் லீக்கில் ஆடிய ஐந்து பருவங்களை எவரும் திருத்த முடியாது, ஆயிரக்கணக்கானோர் திடலில் உட்கார்ந்து பார்த்தவை அவை. பினாங்குக்கு ஆடிய பிரேசில்காரர் எண்ட்ரிக்கை நினைத்துப் பாருங்கள். குழு 2020இல் பிரீமியர் லீக்கை வென்றதும், மறு ஆண்டே சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்ததும் பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். பிறகு அவர் மலேசியக் குடிமகனாகித் தேசியக் குழுவுக்கு ஆடியபோது யார் அவர், எங்கிருந்து வந்தார் என்று பினாங்கில் யாரும் கேட்கவில்லை.

தமிழர்களாகிய நாம் இதில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மலேசியாவில் பல பத்தாண்டுகள் உழைத்தும் குடியுரிமை இன்றிச் சிவப்பு அடையாளக் கார்டோடு இறந்த தோட்டத் தொழிலாளர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களுக்காக நாம் பேசிய வாதம் என்ன? வாழ்ந்தோம், உழைத்தோம், ஆகவே இந்த மண்ணுக்கு உரியவர்கள் என்பதுதானே? மலேசியாவுக்காக ஆறுமுகம் கோல் கம்பத்தில் நின்றபோதும், சந்திரன் தற்காப்பில் நின்றபோதும், 2010இல் ராஜகோபால் பயிற்றுநராக இருந்து ஆசியான் கோப்பையைக் கொண்டுவந்தபோதும் நமக்குத் துணை நின்றது அந்த வாதம். திடலுக்கு வந்ததும் அதைக் கைவிட்டு இரத்தம் பேசுவது எனக்கு விளங்கவில்லை.

நம் பிள்ளைகளின் இடம் போய்விடுமே என்பது கடைசி மறுப்பு. குழுக்களில் அந்நியர் ஏற்கெனவே ஆடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் குடியுரிமை வந்தால் அவரும் நம் பிள்ளையும் மோதுவது அதே இடத்துக்குத்தான். காற்பந்தில் தமிழ்ப் பிள்ளைகள் குறைந்ததற்குத் தோட்டத் திடல்கள் மறைந்தது பெரிய காரணம். பினாங்கின் பத்து காவானில் ஒரு காலத்தில் தோட்டம் இருந்தது. 2000இல் சுக்மா விளையாட்டுப் போட்டிகளுக்காக அங்கே மாநில அரங்கம் எழுந்தது. மாலையில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவைத்து ஆடிய சிறு திடல்களுக்கு ஈடு எதுவும் எழவில்லை. இது தனியே ஆராய வேண்டியது, நேரம் இல்லை.

நேரம் முடிந்துவிட்டதால் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பதினெட்டு வயதுக்கு மேல் குடியேறியவர் புதிய நாட்டுக்கு ஆட ஐந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது ஃபிஃபா. மலேசிய அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு குடியுரிமைக்குப் பன்னிரண்டில் பத்து ஆண்டுகள் கேட்கிறது. இந்த இரண்டையும் ஒப்பிட்டு யாராவது எழுத வேண்டும். மலேசிய லீக்கில் ஆடிய ஜப்பானியர்களின் பட்டியல் வேண்டும். முன்வரிசையையும் கோல் காவலரையும் மட்டும் கொண்டாடும் நம் தமிழ்க் காற்பந்து வரலாற்றில் மத்தியத் திடலுக்கு ஓர் அத்தியாயம் வேண்டும். சிம்பாங் அம்பாட் வட்டாரத் தோட்டக் குழுக்களில் ஆடியவர்களின் படங்களோ, ஆட்டக் குறிப்புகளோ, சட்டைகளோ உங்கள் வீடுகளில் இருந்தால், தயவுசெய்து எறிந்துவிடாமல் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியரிடம் கொடுத்து வையுங்கள்.