பாறை விழுங்கும் சோப்பு



பெட்ரோலியம் பூமிக்குள் ஏரி போலத் தேங்கிக் கிடப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பாறையின் நுண்துளைகளில் அது ஒடுங்கிக் கிடக்கிறது. நீரைச் செலுத்தித் தள்ளினாலும் பெரும்பாலான வயல்களில் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கை நாம் எதனால் போக்குகிறோம்? சோப்பினால். அவ்வகைப் பொருளை நீரில் கரைத்துச் செலுத்தினால், எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இழுவிசை ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் கீழே தணியும். சிக்கிய துளிகள் நகரும்.

ஆனால் பாறையும் சோப்பை விரும்புகிறதே! துளைச் சுவர்கள் அதனைத் தம்மேல் படிய வைத்துக்கொள்கின்றன. இதுவே பரப்புக் கவர்ச்சி. களிமண் துகள்களின் மொத்தப் பரப்பு மிகப் பெரிது. ஆகவே களிமண் மிகுந்த பாறையில் இழப்பும் மிகுதி. எதிர்மின் சோப்பை, நேர்மின் தாங்கிய சுண்ணாம்புப் பாறை இழுத்துக்கொள்ளும். மணற்பாறை அவ்வளவாக இழுப்பதில்லை. விலை கொடுத்து வாங்கியது எண்ணெயை அடையுமுன் தீர்ந்தால் முதல் போயிற்று.

வேதியியல் நமக்கு எட்டாது என்று நம் பிள்ளைகளிடம் சொன்னவர்களை நாம் அறிவோம். இதுவரை சொன்னது மேல்நிலைப் பாடம்தான்!

சீனாவில் 1959-இல் கண்டறியப்பட்ட தாச்சிங் வயலில் சோப்புடன் காரத்தையும் பாலிமரையும் சேர்த்துச் செலுத்தினர். காரம் பாறைப் பரப்பின் எதிர்மின்னைப் பெருக்கிச் சோப்பை விலக்கியது. பாலிமர் நீரைக் கெட்டியாக்கியது. எண்ணெய் கூடுதலாகக் கிடைத்தது. ஆயினும் எரிசோடா பாறையின் சிலிக்காவைக் கரைக்க, அது கிணற்றுக் குழாய்களில் கல்லாய்ப் படிந்தது. பின்னர் வலுக்குறைந்த சோடியம் கார்பனேட்டை நாடினர்.