தோட்டத்துப் பிள்ளையும் தொழிற்சாலை வாயிலும்



பல்கலைக்கழகங்களிலும் நகர மண்டபங்களிலும் நடைபெறும் வேலை வாய்ப்புக் கண்காட்சிகளும், அங்கே ஏற்படும் புதிய மனிதர்களின் பரிச்சயமும் நம் பிள்ளைகளின் ஜீவனத்துக்கு எவ்வாறு துணை செய்யும் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இது நேற்று முளைத்த விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். மலாக்கா மண்ணில் நின்றுகொண்டு அப்படி எண்ணுவது பொருந்தாது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலம் ஏறி வந்த வணிகன் இத்துறைமுகத்தில் கால் வைத்தபோது, அவனுக்கென்று நியமிக்கப்பட்டிருந்த ஷாபந்தர் என்னும் அதிகாரி அவனை எதிர்கொண்டு, பெண்டஹாரா என்னும் முதலமைச்சரின் சமூகத்துக்கு அழைத்துச் சென்று அறிமுகம் செய்துவைத்து, சரக்கை வைக்கப் பண்டகசாலையும், அதைச் சுமந்து செல்ல யானையும் ஏற்பாடு செய்து கொடுத்தான் என்று, போர்த்துகீசியர் இவ்வூரைக் கைப்பற்றிய சில ஆண்டுகளில் இங்கு வந்து தங்கிய தொமே பிரெஸ் எழுதி வைத்திருக்கிறார். குஜராத்தியருக்கு ஒருவர், நம்மவர்க்கும் வங்காளத்தார், பெகு நாட்டார் முதலியோர்க்கும் ஒருவர், ஜாவா முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனர்க்கு ஒருவர் என நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். அந்நியனுக்கு வழிகாட்டுவதை அரசாங்க உத்தியோகமாகவே வைத்து நடத்திய ஊர் இது.

அதை விட அண்மைக் காலத்துச் செய்தி ஒன்று, நம் வாழ்வோடு நேராகப் பிணைந்தது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி என்ற ஆங்கிலேயர், ரப்பர் பயிரிடுங்கள் என்று காணும் தோட்டக்காரர்களிடமெல்லாம் வற்புறுத்தி வந்தார். காப்பிப் பயிரில் லாபம் கண்டிருந்த துரைமார்கள் அவரைப் பித்தர் என்று ஏளனம் செய்தார்கள். அவர் சொல்லுக்குச் செவி சாய்த்தவர் மலாக்காவின் சீன வணிகரான தான் சாய் யான். இனத்தாலும் தொழிலாலும் ஊராலும் வேறுபட்ட இவ்விருவருக்கும் இடையே ஏற்பட்ட பரிச்சயத்தின் பயனாக, 1896ஆம் ஆண்டில் நம் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வாணிப ரப்பர் தோட்டம் எழுந்தது. பின்னர் புக்கிட் ஆசாஹானில் அது பெருகியது. ரிட்லி தம்மைச் சேர்ந்தவர்களிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், ரப்பர் விதைகள் இன்னும் எத்தனை காலம் சிங்கப்பூரிலேயே கிடந்திருக்குமோ, யார் அறிவார்!

அந்தத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்து சேர்ந்த விதமோ இதற்கு நேர்மாறானது. உரிமம் பெற்ற கங்காணி தன் சொந்த ஊருக்கே திரும்பிச் சென்று, தன் உறவினரையும் தன் தெருக்காரரையும் ஆசை வார்த்தை சொல்லித் திரட்டி, ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் சேர்த்துக் கப்பலேற்றினான். தோட்டத்தில் விடியுமுன் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்றவர்களைப் பெயர் சொல்லி அழைத்தவனும் அவனே. எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை பேருக்கும் தலைக்காசு வாங்கிக்கொண்டவனும் அவனே. கைமாற்றுக் கடன் கொடுத்தவனும், கல்யாணப் பேச்சை முடித்து வைத்தவனும், லயத்தில் எந்த வீட்டில் யார் இருப்பது என்று தீர்மானித்தவனும் அவனே. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளரை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்யும் வரையில் இதுவே முறையாக இருந்தது. அம்முறையில் நடந்த கொடுமைகளை நான் மறந்துவிடவில்லை. ஆனால் அது நம் மனத்தில் விட்டுச்சென்ற தழும்பு ஒன்றை மட்டும் இங்கே சுட்டிக்காட்ட விரும்புகிறேன். வேலை என்பது உறவினன் மூலமாக வர வேண்டியது, அந்நியனிடம் போய் நிற்பது அபாயம் என்ற எண்ணம், மூன்று தலைமுறைகள் கழிந்த பின்னரும், பட்டம் பெற்ற பேரப்பிள்ளையின் உள்ளத்தில் ஒரு மூலையில் குடியிருந்துகொண்டே இருக்கிறது.

இதற்குள் தோட்டமோ கரைந்து போய்விட்டது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்தது. பெகோ என்றதும் இங்கே அமர்ந்திருக்கும் முதியவர்களுக்குத் தோட்டமும் தமிழ்ப்பள்ளியும் நினைவுக்கு வரும். இளைஞர்களுக்கோ 2003ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட ஹோண்டா கார்த் தொழிற்சாலை நினைவுக்கு வரும். பத்து பெரெண்டாமில் 1973ஆம் ஆண்டிலேயே சீமென்ஸ் நிறுவனம் தொடங்கிய தொழிற்சாலை இன்று இன்ஃபினியன் என்ற பெயரில், உலகெங்கும் செல்லும் சில்லுகளைச் செய்துகொண்டிருக்கிறது. கல்வியிலும் நாம் பின்தங்கியிருக்க வேண்டிய நிலை இல்லை. 1996ஆம் ஆண்டில் தோன்றிய மல்டிமீடியா பல்கலைக்கழகம் புக்கிட் பெருவாங்கில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2007இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த யூ.டி.இ.எம். டுரியான் துங்காலில் இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசல் வரையில் கொண்டுபோய்ச் சேர்க்க, 1982ஆம் ஆண்டில் டாக்டர் தம்பிராஜா அவர்கள் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற அமைப்புகள் பட்ட பிரயாசையை நாடறியும். வாசலுக்குள் போகும் வழியைச் செப்பனிட்டோம். உள்ளே போன பிள்ளை வெளியே வரும் வழியில் என்ன இருக்கிறது என்று நாம் பார்க்கவில்லை.

மாணவர்களே, அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில், மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் சற்றேறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆராய்ச்சி செய்தார். அண்மையில் வேலை மாறிய உத்தியோகஸ்தர்களைச் சந்தித்து, அந்த வேலையைப் பற்றிய செய்தி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். பெரும்பாலோர் தெரிந்தவர் ஒருவர் மூலமாக என்றார்கள். அந்தத் தெரிந்தவரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று மேலும் கேட்டபோதுதான் வியப்பு விளைந்தது. அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தாம். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் ஐம்பத்தைந்து பேருக்கு மேல். மிக அரிதாகவே பார்ப்பவர் என்றவர்கள் இருபத்தெட்டுப் பேர். 1973ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றைக்கும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. அவர் கண்ட காரணம் மிகவும் எளியது: நம்மோடு ஒட்டி வாழ்கிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஏற்கெனவே நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்தில் நிற்பவனே நாம் அறியாத செய்தியை வைத்திருப்பான்.

இந்த உண்மையை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். பால் வெட்டி, பாரம் சுமந்து, சங்கிலியை அடகு வைத்துப் படிக்கவைத்த தாய் தந்தையருக்கு மகன்மேல் இருக்கும் பாசத்துக்கு அளவில்லை. தாய்மாமன் தன் லாரியை விற்றுக்கூட உதவி செய்யச் சித்தமாக இருக்கிறார். ஆயினும் பத்து பெரெண்டாமில் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் அடுத்த மாதம் இரண்டு பொறியியலாளர்களை எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி அந்த மாமனின் காதில் எந்தப் பிறவியில் விழும்? அதை அறிந்தவள், அந்த மகனோடு மூன்றாம் ஆண்டில் ஒரே வகுப்பில் படித்த நண்பனின் அக்காள். அவளை அவன் ஒரு கல்யாண வீட்டில் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. ஒரு வார்த்தை பேசியிருந்தால்?

கண்காட்சி மண்டபத்தில் நம் பிள்ளைகள் நடந்துகொள்ளும் விதத்தை நான் ஓரமாக நின்று கவனித்திருக்கிறேன். நாலைந்து பேராகச் சேர்ந்தே வருகிறார்கள்; சேர்ந்தே ஒரு மேசையை நெருங்குகிறார்கள். முன்னால் நிற்பவன் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "வேலை காலி இருக்கா?" என்று கேட்கிறான். இணையத்தில் விண்ணப்பம் போடுங்கள் என்று பதில் வருகிறது. கொடுத்த துணிப்பையையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு எல்லாரும் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அதே மேசைக்குப் பின்னர் தனியாக வந்த ஒரு மாணவி, வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "புதிதாகச் சேர்கிறவர் முதல் ஆறு மாதம் என்ன செய்வார்? எதைத் தெரிந்துகொள்ளாமல் வந்து அதிகம் திண்டாடுகிறார்கள்?" என்று மலாயில் கேட்டாள். அந்த அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டார். பேச்சின் முடிவில் அவளுடைய விவரத்தாளின் மேல் மூலையில் பேனாவால் இரண்டு வரி எழுதி, மற்றக் காகிதங்களோடு சேர்க்காமல் தனியே எடுத்து வைத்தார். மண்டபத்துக்கு நூற்றுக்கணக்கானவர் வந்து போகும் நாளில், அந்த இரண்டு வரிகளுக்கு எத்தனை மதிப்பு என்பதை ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் அறிவார்கள்.

ஆகவே நான் உங்களை வேண்டிக்கொள்வது இதுதான். கடைசிப் பருவத்தில் கடன் நெருக்கும்போது மட்டும் கண்காட்சிக்கு ஓடாதீர்கள். இரண்டாம் ஆண்டிலேயே போங்கள். அப்போது உங்களுக்கு வேலை அவசரமில்லை. பேச்சில் பதற்றமும் இராது. போகுமுன் அந்த நிறுவனம் என்ன செய்கிறது, யாருக்கு விற்கிறது என்று படித்துவிட்டுப் போங்கள். ஆங்கிலம் தடுமாறும் என்று அஞ்சுகிறவர்கள் தேசிய மொழியில் தொடங்குங்கள். பேச்சு சூடு பிடித்தபின் ஆங்கிலம் தானே வந்து சேரும். பேசிய மனிதருக்கு ஓரிரு நாளுக்குள் நன்றி கூறி நாலு வரி எழுதுங்கள். தொழிற்பயிற்சிக்குப் போகும் மாதங்களில் சாப்பாட்டு வேளையில் உங்கள் கூட்டத்தோடு மட்டும் உட்காராமல், இயந்திரத்தை ஓட்டும் மூத்த தொழிலாளியோடும் உட்காருங்கள். சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ வேலை தேடுவோருக்காக நடத்தும் இணையத் தளத்தில் பெயரைப் பதிவு செய்வதும் அவசியந்தான்; பதிவு செய்துவிட்டோமே என்று வீட்டில் காத்திருப்பதுதான் ஆபத்து.

இப்படிச் சொன்னால் சில இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். "கேபிள் பிடித்து வேலைக்குப் போகச் சொல்கிறீர்களா, ஐயா?" என்று ஒரு தம்பி என்னை நேராகவே கேட்டுவிட்டான். அந்தத் தன்மானத்தை நான் வணங்குகிறேன். தகுதியில்லாதவனைத் தகுதியுள்ளவன் இடத்தில் உட்கார வைப்பது சிபாரிசு, அது அநியாயம். தகுதியுள்ளவன் தன்னை நாலு பேர் அறியும்படி செய்துகொள்வதில் என்ன அநியாயம் இருக்கிறது? அவன் கேட்பது செய்தி, வேலையன்று. தேர்வும் நேர்முகமும் அப்புறமும் இருக்கத்தான் செய்கின்றன.

வேறொரு மனக்குறையும் என் காதில் விழுகிறது. பெயரைப் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுகிறார்கள் என்று மனம் நொந்து பேசுகிற பிள்ளைகளைச் சந்தித்திருக்கிறேன். அதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பெற்ற வயிறு எப்படி எரியும் என்பதும் தெரியும். ஆனால் அந்த வேதனையே கண்காட்சிக்குப் போவதற்கு எல்லாவற்றிலும் வலுவான காரணம் என்று நான் கருதுகிறேன். காகிதத்தில் வருகிறவனுக்கு ஒரு பெயர் மட்டுமே உண்டு. எதிரே வந்து நின்று, கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்து நிற்கிறவனுக்கு அறிவும் அடக்கமும் ஆர்வமும் கண்ணெதிரே தெரிகின்றன. கதவு எங்கே குறுகலாக இருக்கிறதோ, அங்கேதான் நேரில் போக வேண்டிய அவசியம் அதிகம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகன் கோலாலம்பூர் போகலாம், மகள் மட்டும் கூட்டம் கூடும் இடத்துக்குப் போகலாகாது என்று தடுத்து வைக்கும் வழக்கம் நம்மில் இன்னும் முற்றாக மாறவில்லை. பாதுகாப்பு வேண்டுமானால் நீங்களும் உடன் செல்லுங்கள். வாசலில் ஒரு கோப்பைத் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருங்கள். அவளைப் போகவிடாமல் மட்டும் இருக்காதீர்கள்.

இனி நான் பேச விரும்புவது இந்த மண்டபத்தின் பின்வரிசையில் அடக்கமாக உட்கார்ந்திருப்பவர்களிடம். பத்து பெரெண்டாமிலும் ஆயர் குரோவிலும் பெகோவிலும், ஆஸ்பத்திரிகளிலும் வங்கிகளிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் பத்து இருபது ஆண்டுகளாக உத்தியோகம் பார்க்கும் நம்மவர் எத்தனையோ பேர் இங்கே இருக்கிறீர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, உங்கள் பிரயாசையாலேயே மேலே வந்தவர்கள் நீங்கள். வழி தெரியாமல் நீங்கள் அலைந்த அலைச்சலை உங்கள் ஊர்ப் பிள்ளை அலையத்தான் வேண்டுமா? அவனுக்கு வேலை வாங்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது உங்கள் அதிகாரத்திலும் இருக்காது. அரை மணி நேரம் பேசுங்கள். உங்கள் வேலை என்ன, அதற்கு எதைப் படிக்க வேண்டும், நேர்முகத்தில் எதைக் கேட்பார்கள், எந்தப் பதிலைக் கேட்டால் உங்களுக்கே கோபம் வரும் என்பதைச் சொல்லுங்கள். நம் கோயில்களில் மண்டபம் இருக்கிறது. பள்ளிகளில் சனிக்கிழமைகளில் காலியான வகுப்பறை இருக்கிறது. திருவிழாவுக்கு ஆயிரம் பேருக்கு அன்னதானம் செய்யும் ஆற்றலும் நமக்கு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மலாக்கா நகரிலுமாக, உத்தியோகம் பார்ப்பவர் ஒரு பக்கமும் மாணவர் ஒரு பக்கமும் அமர்ந்து சம்பாஷிக்க இடம் ஒதுக்கக் கோயில் நிர்வாகங்கள் சம்மதிக்க வேண்டும் என்று இந்த மேடையில் நின்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குத் தொடக்கமாக, வெளியே செல்லும் வழியில் ஒரு மேசையும் அதன் மேல் ஒரு நோட்டுப் புத்தகமும் வைக்கும்படி அமைப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். வேலையில் இருப்பவர்கள் உங்கள் பெயரையும், நீங்கள் பார்க்கும் வேலையையும், எந்தக் கிழமையில் எந்த நேரத்தில் ஒரு மாணவன் உங்களை அழைத்துப் பேசலாம் என்பதையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். மாணவர்கள் எதிர்ப்பக்கத்தில் உங்கள் படிப்பை எழுதுங்கள். இரண்டையும் பொருத்தி, இம்மாத முடிவுக்குள் இரு தரப்பாருக்கும் தகவல் சொல்ல இளைஞர் பிரிவினர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.