நோய்க்குத் தோட்ட எல்லை கிடையாது



1869இல் இந்த மலைகளில் கோப்பிக்குத் துரு நோய் வந்தது. அடுத்த 20 ஆண்டுகளில் கோப்பித் தொழிலே சரிந்தது. தேயிலைக்கு வந்தது கொப்புள நோய். 1868இல் அசாமில் கண்ட அந்த நோய், 1946இல் தென்னிந்தியாவையும் நம் மலைகளையும் பிடித்தது. மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் இளங்கொழுந்தைத்தான் தாக்கும். கொழுந்து குறைந்தால் நமக்கு அரைப்பேர்.

காற்றில் பரவும் நோயைத் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தனியே தடுக்க முடியாது. இந்திய ஆய்வாளர்களோடும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அந்தக் கூட்டு வேலையை ஒருங்கிணைக்கும் நிதி ஓரிரு வருடத்தில் நின்றால் ஆய்வும் பாதியில் நிற்கும்; நோய் நிற்காது.

நிதியை நீடிக்கக் கேட்போம். நோயை முதலில் காண்பவர் கொழுந்து பறிப்பவரே. ஆய்வுக் குழுவில் அவருக்கும் இடம் கேட்போம்.