டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கிறது?

(மசினகுடியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உங்க தொழில் சம்பந்தமா பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். பம்பு, வால்வு பற்றிப் பத்து நிமிடம் பேசினால் பாதிப் பேர் எழுந்து யானை பார்க்கப் போய்விடுவீர்கள். அதனால் வேறு விஷயம் பேசுகிறேன். வெலிங்டனில் 1947 முதல் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. அந்தத் தொடர்பால் நம் மலையில் தெருவுக்கு ஒரு பட்டாளத்து வீடாவது இருக்கும். அப்பா, தாத்தா, மாமா, சித்தப்பா என்று யாராவது ராணுவத்தில் இருந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். (பல கைகள் உயர்ந்தன.) நல்லது. இது உங்களுக்கான பேச்சு.

என் மாமா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இதே மசினகுடியில்தான் வீடு. வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது கறுப்பு டிரங்குப் பெட்டி. மேலே வெள்ளைப் பெயிண்டில் சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர். சாவி அவர் அரைஞாணில். உள்ளே என்ன இருக்கிறது என்று அத்தைக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. கேட்டால், "எல்லாம் கரெக்டா இருக்கு, நீ உன் வேலையப் பாரு" என்பார். பென்ஷன் வரும், கேன்டீன் சாமான் வரும், அவ்வளவுதான் குடும்பத்துக்குத் தெரிந்தது.

எழுபது வயது தாண்டி, ஒரு மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம் அத்தைக்கு ஒரு போன். நல்ல தமிழ், மரியாதையான குரல். "அம்மா, ஐயா காலமானது ரொம்ப வருத்தம். பென்ஷன் ஆபீஸ்ல இருந்து பேசறேன்" என்று ஆரம்பித்து, மாமாவின் சர்வீஸ் நம்பர், எந்தப் பட்டாலியன், எந்த வருடம் சேர்ந்தார், எந்த வருடம் வெளியே வந்தார், எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான். "குடும்ப ஓய்வூதியம் சாங்ஷன் ஆயிடுச்சு. உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க."

அத்தை அந்த நம்பரைச் சொல்லத்தான் இருந்தார். மசினகுடி டவர் காப்பாற்றியது. லைன் கட்டாகிவிட்டது. நம்ம ஊர் சிக்னலை நான் புகழ்ந்து பேசுவது இதுவே முதல் தடவை.

அவன் விடவில்லை. திருப்பூரில் இருக்கும் மாமா மகளைக் கூப்பிட்டான். அவளிடம் கதை வேறு: "உங்கப்பா ரிட்டயர் ஆகும்போது கம்யூட்டேஷன் வாங்கினார் இல்லையா, அதில் பாக்கி நிற்குது. அதைக் கட்டினாத்தான் அம்மாவுக்கு பென்ஷன் திறக்கும். முதல்ல ஃபைல் சார்ஜ் 4,850 ரூபாய் போடுங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க, பதட்டப்படுவாங்க." அவள் போட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்து 18,000 கேட்டபோதுதான் சந்தேகம் வந்து எனக்குப் போன் செய்தாள். இடையில் என் அம்மாவுக்கும் ஒரு அழைப்பு வந்திருக்கிறது. ஒவ்வொருவரிடமும் அவன் சொன்னது ஒன்றே ஒன்று: மற்றவருக்குச் சொல்லாதே.

கம்யூட்டேஷன் என்றால் பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது. அந்தப் பகுதி 15 ஆண்டு கழித்துத் தானாகத் திரும்பச் சேர்ந்துவிடும். அதற்குள் ஓய்வூதியர் இறந்தாலும், மனைவியின் குடும்ப ஓய்வூதியத்தில் அதற்காக ஒரு பைசா பிடிப்பதில்லை. மாமா ஓய்வு பெற்று 20 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. "கம்யூட்டேஷன் பாக்கி" என்ற சொல்லே பொய். ஆனால் அது பொய் என்று சொல்ல வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மாமாவின் சர்வீஸைப் பற்றி அவருடைய பெண்டாட்டி பிள்ளைகளைவிட முகம் தெரியாத ஒருத்தனுக்கு அதிகம் தெரிந்திருந்தது. எனக்கு மனசில் தைத்தது அதுதான்.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். மாமா விஷயத்தில் எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நினைத்துப் பாருங்கள். ரேங்க், ரெஜிமெண்ட், இறந்த தேதி, கீழே பிள்ளைகளின் செல் நம்பர் வரை நாமே அச்சடித்து ஒட்டுகிறோம். பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையின் ஜெராக்ஸ் எத்தனை கடையில், எத்தனை வாட்ஸப்பில் கிடக்கிறது? விவரம் சொல்கிறான் என்பதாலேயே அவன் ஆபீஸ்காரன் ஆகிவிட மாட்டான்.

இந்த மாதிரி மிரட்டல் பலிப்பதற்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. 2022இல் படைவீரர் ஓய்வூதியங்களை வங்கிகளிடமிருந்து 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆண்டு அடையாளச் சரிபார்ப்பு முடியவில்லை என்று 58,275 பேருக்கு அந்த ஏப்ரல் மாத ஓய்வூதியம் உரிய நாளில் வரவில்லை. பிறகு மே 4ஆம் தேதி பணம் கொடுத்து, மே 25 வரை அவகாசம் தந்தார்கள். ஒரு மாதம் பென்ஷன் வராமல் போன வீட்டில், "உங்க பென்ஷன் நின்னுடும்" என்று யார் சொன்னாலும் நெஞ்சு பதறத்தானே செய்யும்? டெல்லி மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்தின் பெயரைச் சொல்லி வாட்ஸப்பில் படிவம் அனுப்பி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த அலுவலகமே எச்சரிக்க வேண்டிவந்தது. அது சிவில் ஓய்வூதியருக்கான அலுவலகம். பட்டாளத்து ஓய்வூதியம் பிரயாக்ராஜில் உள்ள ராணுவக் கணக்கு அலுவலகத்தின் கையில் இருக்கிறது. பெரியவர்கள் இன்னமும் அலகாபாத் என்றுதான் சொல்வார்கள். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதி அழைப்புகளை வைத்துவிடலாம்.

4,850 ரூபாய் திரும்ப வரவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. பயந்துபோன அத்தை அதற்குப் பிறகு எந்த போனையும் எடுக்கவில்லை. உண்மையான அலுவலகத்திலிருந்து ஒரு விவரம் கேட்டு அழைத்தபோதும், "திருட்டுப் பயலே" என்று வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அடுத்த சிக்கல். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அத்தையின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. கல்யாணத்துக்கு முன்பு அப்பா இனிஷியல், பின்பு கணவர் இனிஷியல். நம்ம பக்கத்தில் இது சகஜம், கம்ப்யூட்டருக்கு இது இரண்டு பெண்கள். பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை. மாமா உயிரோடு இருந்தபோது ரெக்கார்ட் ஆபீசுக்கு அவர் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம் போயிருந்தால் முடிந்திருக்கும் வேலை. அவர் போன பிறகு, கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவையும் அத்தை எத்தனை முறை ஏறி ஊட்டிக்குப் போனார் என்று எண்ணக்கூட முடியாது. பஸ்ஸில் வாந்தி வேறு. ஊட்டியிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பொறுமையாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே இந்தப் பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். "என்னடா, நான் சாகறதுக்குள்ள சொத்துக் கணக்கா?" என்று அப்பா கோபப்படுவார். படட்டும். பி.பி.ஓ.வில் அம்மாவின் பெயர், பிறந்த தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பேர் பெயரிலும் கூட்டுக் கணக்கு இருந்தால் பிறகு அலைச்சல் குறையும். மனவளர்ச்சி குன்றிய அல்லது மாற்றுத்திறன் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பெயர் இப்போதே பதிவாக வேண்டும். கல்யாணமாகாத, விதவையான, விவாகரத்தான மகளுக்கும் விதிகளுக்கு உட்பட்டு உரிமை உண்டு என்பது பல வீட்டில் தெரியாது.

எவ்வளவு வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாகக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். ஓய்வு பெற்றவர் இறந்தால் முதல் ஏழு ஆண்டு, அல்லது அவருக்கு 67 வயது நிறைந்திருக்கும் நாள், இதில் எது முந்தியோ அதுவரை கூடுதல் விகிதம். இது தெரியாத வீட்டில், தொகை திடீரென்று குறையும்போது, "அதைச் சரி பண்ணித் தரேன்" என்று ஒருத்தன் போன் செய்வான். நடுவில் குறைந்தபட்சம் 9,000 ரூபாய் என்ற வரம்பும் 2016 முதல் இருக்கிறது, அதற்கு மேல் பஞ்சப்படி.

இறந்த பிறகு 21 நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் இறப்பைப் பதிவு செய்யுங்கள். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் பெயரில் வந்த மிகைத்தொகையைப் பின்னால் பிடிப்பார்கள். போன் வந்தால்? பேச்சு வளர்க்க வேண்டாம். வைத்துவிட்டு, பாஸ்புக்கிலோ பி.பி.ஓ.விலோ உள்ள அலுவலகத்துக்கு நீங்களே கூப்பிடுங்கள், அல்லது நேரில் போங்கள். ஓ.டி.பி. கேட்டு, பணம் கட்டச் சொல்லி, எந்த ஓய்வூதிய அலுவலகமும் பேசாது. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் அந்த நிமிஷமே 1930க்குப் போன் செய்யுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். மாமா மகள் நான்காம் நாள்தான் சொன்னாள்.

அத்தைக்கு ஐந்தாம் மாதம் நிலுவையோடு பணம் வந்தது. முதல் வேலையாக டிரங்குப் பெட்டிச் சாவியை மகளிடம் கொடுத்து, உள்ளே இருப்பதை எல்லாம் ஒரு நோட்டில் எழுத வைத்தார். அந்த நோட்டின் மாதிரியை ஒரே பக்கத்தில் டைப் செய்து கொண்டுவந்திருக்கிறேன். டீ இடைவேளையில் பின்வரிசை மேஜையில் இருப்பேன். கை தூக்கியவர்கள் மறக்காமல் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கை தூக்காதவர்களும் வரலாம், ரயில்வே, மின்வாரியம், போஸ்ட் ஆபீஸ் பென்ஷன் வீடுகளுக்கும் கொஞ்சம் மாற்றினால் பொருந்தும்.