வேரும் பூஞ்சையும்: ஒரு கலைச்சொல் ஆய்வு



மொழியியல் கற்றவனுக்குப் பூஞ்சையோடு என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணக்கூடும். சொல்லின் வழியே வந்த தொடர்பு அது. ஒரு செடியின் வேரில் பூஞ்சை பற்றியிருக்கிறது என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். என்ன மருந்து இடலாம் என்றே மாணவர் கேட்பார். வேரில் இருப்பது நண்பனா பகைவனா என்று கேட்பவர் அரியர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நம் சொல்லே அவருக்கு அப்படிக் கற்பித்திருக்கிறது.

தமிழில் இவ்வுயிர்க் குலத்துக்குப் பழம்பெயர்கள் உண்டு. எரியாத அடுப்பில் ஆம்பி முளைத்த வறுமையைப் புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் பாடுகிறார். அந்த ஆம்பியே நாம் இன்று காளான் என்பது. மழைக்குப் பின் கறையான் புற்றருகே முளைப்பது புற்றுக்காளான். மலாய்க்காரரும் புற்றை வைத்தே அதனைச் செண்டாவான் பூசூட் என்கின்றனர். கறையான் தன் புற்றுக்குள் பயிர் செய்யும் பூஞ்சையின் கனியுடல் அது என்பதை இரு மொழிப் பெயர்களும் பாதி சொல்லிவிடுகின்றன. ஆனால் பூசணம், பூஞ்சணம், பூஞ்சை என்பன கெட்டுப்போனதற்கு உரிய சொற்கள். நலிந்த உடம்பைப் பூஞ்சை உடம்பு என்கிறோம். ஆக, கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு பெயரும் கெடுப்பதற்கு ஒரு பெயரும் நம்மிடம் இருந்தன. மண்ணுக்குள் வேரோடு கூடி வாழ்வதற்குப் பெயர் இல்லை. அது கண்ணுக்குத் தெரியாதது, பெயரில்லாமை இயல்பே.

அப்பெயரை 1885-இல் செருமானிய அறிஞர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு ஃபிராங்க் படைத்தார். காட்டு மரங்களின் வேர்நுனியைப் பூஞ்சை உறைபோல் மூடியிருப்பதைக் கண்டு, கிரேக்கத்தின் பூஞ்சை, வேர் என்னும் இரு சொற்களைச் சேர்த்து மைக்கோரைசா என்றார். தாவர வேரினும் மிக மெல்லிய இழைகளைப் பூஞ்சை மண்ணில் பரப்பி, வேர் எட்டாத இடத்திலிருந்து பாசுபரசைக் கொணர்கிறது. தாவரம் தான் ஒளியில் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கைத் தருகிறது. நிலத் தாவரங்களில் பெரும்பாலானவை இவ்வாறு வாழ்கின்றன. கடுகும் முட்டைக்கோசும் அடங்கிய குடும்பம் பெயர்பெற்ற விலக்கு. நம் நாட்டுச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பாசுபரசைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இக்கூட்டு இங்கே இன்னும் தேவையாகிறது. செம்பனை வேரில் வேர்த்தூவிகள் இல்லை எனலாம். அவ்வேலையில் பெரும்பகுதியைப் பூஞ்சையே செய்கிறது.

அதே செம்பனையைத்தான் மற்றொரு பூஞ்சை கொல்கிறது. இந்நாட்டில் செம்பனை வணிகப் பயிராக முதலில் நடப்பட்டது 1917-இல், சிலாங்கூரில், தென்னமரம் தோட்டத்தில். பெயரைக் கவனியுங்கள்: நம் தமிழ்ச் சொல்லே ஆங்கிலேயர் ஆவணத்தில் ஏறியிருக்கிறது. அப்பெயருக்கும் நோய்க்கும் தொடர்புடையதுபோல் பின்னாளில் ஒன்று தெரியவந்தது. தென்னை இருந்த நிலத்தில் செம்பனை நட்ட இடங்களில் அடித்தண்டழுகல் நோய் விரைந்து வந்தது. இங்கே தென்னையில் பெரிதும் அமைதியாக இருந்த கனோடெர்மா, வெட்டி விடப்பட்ட அடிக்கட்டைகளில் வளர்ந்து, இளம் செம்பனை வேரைத் தொட்டுப் பற்றியது. ஓலை தொங்கி, விரியாத குருத்துகள் பல சேர்ந்து நிற்கும்போது அடித்தண்டின் உட்பகுதியில் பாதியேனும் அழிந்திருக்கும். அதன் பின் மரத்தை மீட்கும் மருந்து இல்லை. மறுநடவுக்கு மறுநடவு நோய் இளைய மரங்களையும் பற்றுவதே தோட்டத்தாரின் கவலை. ரப்பரின் வெள்ளை வேர்நோயிலும் காட்டு மரங்களின் விடுபட்ட கட்டைகளே தொடக்கம். கட்டையைத் தோண்டி அகற்றிய உழைப்பில் நம் முன்னோரின் பங்கு பெரிது. நாம் இன்று கூடியிருக்கும் சுபாங் ஜெயாவும் சீபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலமே.

தமிழகத்திலோ தென்னையே பலியானது. 1952-க்குப் பின் தஞ்சைப் பகுதியில் பரவிய கனோடெர்மா நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் நின்றுவிட்டது. அங்கு உழவர்க்குச் சொல்லப்படும் முறைகளுள் மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இடுவதும், டிரைக்கோடெர்மா என்னும் மற்றொரு பூஞ்சையை மண்ணில் சேர்ப்பதும் உண்டு. பூஞ்சையைப் பூஞ்சை கொண்டு அடக்குவது! பூஞ்சை என்றாலே பகை என்று கற்ற உழவர் இதனை எவ்வாறு ஏற்பார்?

இங்கேதான் கலைச்சொல் வேலை செய்ய வேண்டும். மைக்கோரைசாவுக்குத் தமிழில் வேர் உட்பூசணம், வேர்ப்பூஞ்சை, பூஞ்சைவேர் எனப் பல வழங்குகின்றன. முதலாவது தமிழக வேளாண் துறையில் பரவலானது. எனினும் பூசணம் என்பதால் கெடுதியின் வாடை அதில் நீங்கவில்லை. மேலும் மெராந்தி போன்ற நம் காட்டு மரங்களில் பூஞ்சை வேரை வெளியே உறையாகவே மூடுகிறது. உட்பூசணம் அதற்குப் பொருந்தாது. வேர்ப்பூஞ்சை என்பதில் தலைச்சொல் பூஞ்சை. தமிழ்த் தொகையில் நிலைமொழி அடையாக நிற்க, வருமொழியே பொருளைத் தாங்கும். எனவே வேர்ப்பூஞ்சை என்றால் வேரைப் பற்றும் எந்தப் பூஞ்சையுமாகலாம். வெள்ளை வேர்நோய்ப் பூஞ்சையும் அதனுள் அடங்கிவிடும். வேர்ப்பூஞ்சைக்கு மருந்திட வேண்டும் என்று தேர்வுத்தாளில் மாணவர் எழுதினால் பிழை அவருடையதன்று. ஃபிராங்க் பெயரிட்டது பூஞ்சைக்கு அன்று; இரண்டும் கூடி ஆன உறுப்புக்கு. பூஞ்சைவேர் என்பதே அப்பொருளைத் தருகிறது. வேர்முடிச்சு என்று அவரைக் குடும்பத்துக்குச் சொல்வதுபோல், செம்பனைக்குப் பூஞ்சைவேர் உண்டு என்று இயல்பாகச் சொல்லலாம். கெடுதியின் வாடை இதிலும் ஓரளவு உண்டு என்பீர்கள். உண்டுதான்; ஆயினும் வேர் என்று முடிவதால் அது நோயாகத் தோன்றாது.

நோய்ப் பெயர்களில் நாம் நன்றாகவே செய்திருக்கிறோம். அடித்தண்டழுகல் என்பது எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. கனோடெர்மா என்ற பெயருக்குப் பளபளக்கும் தோல் என்று பொருள். அழகான பெயர், ஆனால் உழவருக்கு வழிகாட்டாது.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். செம்பனையின் பூஞ்சைவேரைக் காண நிறமேற்றி நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். மெராந்தியினுடையது அப்படியன்று. கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போது, அனுமதி பெற்று, மெராந்தி அடியில் சருகை மெல்ல விலக்கிக் கைக்கண்ணாடியால் வேர்நுனிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். குட்டையாய்த் தடித்து, சில வெளிறியும் சில கருத்தும் தோன்றும். பார்த்த பின்னர், அதற்கு என்ன பெயரிடலாம் என்று முதலில் அவர்களையே கேளுங்கள்.