கையைப் பிடித்துக்கொண்டு போகிறவர் கற்பிப்பவராக வேண்டும்
(மும்பையில் நடந்த மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

முப்பது வருஷம் சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். "ஏதாவது உபயோகமா பேசுங்கோ மாமி" என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பெயர்ப்பலகை இல்லாமல் உழைக்கிற சில பெண்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம் உள்ள குழந்தையோடு காலையிலிருந்து மத்தியானம் வரை கூடவே இருப்பவர் யார்? பெரும்பாலும் உதவியாளர்தான். இங்கே மும்பையில் மௌஷி என்போம். வசதியுள்ள பள்ளிகளில் ஷேடோ டீச்சர் என்று பெயர். ஊட்டி விடுவது, பாத்ரூம் கூட்டிப் போவது, பென்சில் பிடிக்க வைப்பது எல்லாம் அவர்தான். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையன் திடீர் திடீரென்று தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும் நாளில்தான் அப்படிச் செய்கிறான் என்று முதலில் கண்டுபிடித்தது மௌஷி. நாங்கள் படித்தவர்கள் எல்லோரும் அவனுடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்!

ஆனால் அவர் ஆசிரியை இல்லை. இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் 1992-ல் வந்தது. அந்தக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் சிறப்பாசிரியராகத் தொழில் செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் சரியானதுதான். அன்பு மட்டும் போதாது. சட்டை பட்டன் போடுவதை எத்தனை சிறு படிகளாகப் பிரிப்பது, எந்தப் படியில் நம் கையை எடுத்துவிடுவது, மூன்று மாதத்தில் இந்தக் குழந்தை எதைத் தானே செய்ய வேண்டும் என்று எழுதி, அதை அளந்து பார்ப்பது எப்படி? இதெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. பயிற்சி இல்லாத உதவியாளர் பாசத்தினால் எல்லாவற்றையும் தானே செய்து விடுவார். குழந்தை பத்து வயதிலும் பட்டன் போடாது.

இன்னொரு பக்கம் தேவையைப் பாருங்கள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையும் தந்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம், சிறப்புக் குழந்தைகள் இத்தனை பேருக்கு ஒரு ஆசிரியர் என்ற விகிதத்தை இடைக்கால ஏற்பாடாகச் சொன்னது. அத்தனை ஆசிரியர்களுக்கு எங்கே போவது? குழந்தைகளைக் கண்டு முகம் சுளிக்காத, ஏற்கனவே அனுபவமுள்ள பெண்கள் வகுப்பிலேயே இருக்கிறார்களே என்பதுதான் என் பதில்.

வழி இருக்கிறது. சிறப்புக் கல்வி டிப்ளமா இரண்டு வருஷம். பிளஸ் டூ-வில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவிகித மதிப்பெண் வேண்டும். பத்தாவதோடு நின்றவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ எழுதலாம். ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருஷம் செல்லும், பாடம் பாடமாகத் தேறலாம். பட்டதாரிகளுக்குச் சிறப்புக் கல்வி பி.எட். உண்டு. ஒரு எச்சரிக்கையும் சொல்லி விடுகிறேன். ஆறு வாரத்தில் ஷேடோ டீச்சர் சர்டிபிகேட் என்று விளம்பரம் செய்கிறார்கள். அதை வைத்துப் பதிவேட்டில் ஏற முடியாது. எந்தக் கல்லூரியானாலும், அந்த வருஷத்துக்கு அந்தப் படிப்புக்கு மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

முட்டுக்கட்டை எங்கே என்றால், டிப்ளமா வகுப்பு பகலில் நடக்கிறது. மௌஷியின் வேலையும் பகலில்தான். இரண்டு வருஷம் சம்பளம் இல்லாமல் யார் வீட்டில் அடுப்பு எரியும்? நான் மேலே சொன்ன மௌஷி 34 வயதில் பிளஸ் டூ பாஸ் செய்தார். டிப்ளமாவில் சேர்ந்தபோது, நான்கு பெற்றோர்கள் சேர்ந்து மாதா மாதம் அவர் வீட்டு வாடகையைக் கட்டினார்கள். பாடத்தில் வந்த ஆங்கில வார்த்தைகளை இரவில் மராத்தியில் எழுதி மனப்பாடம் செய்தார். இன்று பதிவெண் பெற்ற ஆசிரியை. அவரோடு சேர ஆசைப்பட்ட இன்னும் இரண்டு பேருக்கு வாடகை கட்ட ஆள் இல்லை. அவர்கள் இன்றும் உதவியாளர்களாகவே இருக்கிறார்கள். அறிவிலோ பொறுமையிலோ அவர்கள் குறைந்தவர்கள் இல்லை.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் சங்கத்தின் கல்வி நிதி 25 வயதுக்குட்பட்ட அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று விதி. நல்ல விதிதான், பலர் அதனால் முன்னுக்கு வந்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு கடன் நிதி வைக்கலாமா? வருஷத்துக்கு இரண்டு உதவியாளர்கள், எந்த ஜாதியானாலும், எந்த வயதானாலும் சரி. தானமாக வேண்டாம். வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, வேலை கிடைத்ததும் தவணையில் வாங்கிக்கொள்வோம். அந்தப் பணம் அடுத்தவருக்குப் போகட்டும். நம் வீட்டுப் பெண்களிலும், நாற்பது வயதில் குழந்தைகள் படிக்கப் போன பிறகு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தப் படிப்பு பொருந்தும்.

இந்தச் சபையிலேயே சிறப்புக் குழந்தையின் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் இருக்கிறீர்கள். "எங்களுக்கப்புறம் இவனை யார் பார்த்துப்பா?" என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. முழுப் பதில் என்னிடம் கிடையாது. தன் சாப்பாட்டைத் தானே சாப்பிட, தன் பஸ்ஸைத் தானே பிடிக்கக் கற்றுக்கொண்ட பையனுக்கு அந்தக் கேள்வியின் பாரம் குறைகிறது. அதைக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இந்தக் கடன் நிதித் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.