காதும் ஒரு கருவிதான்: தண்ணீரின் சூட்டைக் கேட்டறிதல்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பாடநூல்களில் வெப்பம் ஓர் அலகில் வருகிறது. ஒலி வேறோர் அலகில் வருகிறது. ஆனால் வீட்டு அடுப்படியில் இரண்டும் ஒரே பாத்திரத்தில்தான் இருக்கின்றன. உலை வைக்கும் அம்மா தட்டைத் திறந்து பார்ப்பதில்லை. முற்றத்தில் வேறு வேலையாக இருந்தபடியே, "உலை இரையுது, அரிசியைக் களைஞ்சு வை" என்கிறார். சற்று நேரம் கழித்து, "தளதளன்னு கொதிக்குது, போடு" என்கிறார். இரைவது வேறு, தளதளப்பது வேறு என்பது நம் பேச்சுமொழிக்கே தெரியும். அதை வகுப்பறைக்குக் கொண்டுவருவது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதல் செயல்பாடு ஊற்றும் ஒலி. இரண்டு எவர்சில்வர் குவளைகள் போதும். ஒன்றில் பானைத் தண்ணீர், மற்றொன்றில் நன்றாகச் சுடவைத்த தண்ணீர். ஓர் அட்டையை மறைப்பாக வைத்து, பின்னால் நின்று ஆசிரியர் ஊற்ற வேண்டும். எது சுடுதண்ணீர் என்று மாணவர்கள் காதால் கேட்டு எழுத வேண்டும். என் எட்டாம் வகுப்பில் பெரும்பாலானோர் சரியாகவே எழுதினார்கள். "பச்சைத் தண்ணி கணீர்னு விழுது சார், சுடுதண்ணி மொத்தையா விழுது" என்றான் ஒருவன். 2013-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்விலும் மக்கள் ஒலியைக் கேட்டே சூட்டைச் சரியாகச் சொன்னார்கள்.

அந்த வகுப்பில் பார்வைத்திறன் இல்லாத ஒரு மாணவி இருக்கிறாள். மற்ற சோதனைகளில் நிறம் மாறியதையும் அளவி ஏறியதையும் பக்கத்திலிருப்பவர் சொல்ல, அவள் கேட்டு எழுதிக்கொள்வாள். அன்று யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் எழுதி முடித்த பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "குழாயடியில குடம் நிறைய நிறையச் சத்தம் ஏறிக்கிட்டே போகுமே சார், அது சூட்டாலயா?"

இது நல்ல கேள்வி. குடம் நிறையும்போது தண்ணீருக்கு மேலுள்ள காற்றுத் தம்பம் குட்டையாகிறது. அதனால் சுருதி ஏறுகிறது. இதற்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை. அப்படியானால் நம் சோதனையில் கேட்டது சூட்டின் வேறுபாடா, அளவின் வேறுபாடா? உடனே வகுப்பே சோதனையைத் திருத்தி அமைத்தது. ஒரே மாதிரிக் குவளை, ஒரே அளவு தண்ணீர், ஒரே உயரம், எதை முதலில் ஊற்றுவது என்பதற்கு நாணயம் சுண்டுதல். மாறியை நிலைப்படுத்துதல் என்பதை நான் வரையறையாகச் சொல்லவில்லை. அவள் கேள்வியிலிருந்து அது தானாக வந்தது. மறுபடி ஊற்றியபோதும் வேறுபாடு கேட்டது.

இனி, காரணம். நீர் விழும் ஓசையில் பெரும்பகுதி, அது உள்ளே இழுத்துச் செல்லும் காற்றுக் குமிழ்களின் அதிர்விலிருந்து வருகிறது. இதை 1933-இல் மார்செல் மின்னார்ட் என்ற அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழ் நீரில் வினாடிக்கு ஏறத்தாழ 3,300 முறை அதிர்கிறது. விட்டம் இரண்டு மடங்கானால் அதிர்வெண் பாதியாகிறது. 20 டிகிரி செல்சியஸிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது நீரின் பாகுநிலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பரப்பு இழுவிசையும் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. ஆகவே நீர்த்தாரை உடையும் விதமும், குமிழ்கள் பிறக்கும் விதமும் மாறுகின்றன, ஓசையும் மாறுகிறது.

இரண்டாவது, உலை. சூடேறத் தொடங்கியதும் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் சிறு குமிழ்கள், நீரில் கரைந்திருந்த காற்று. அவை சத்தம் போடுவதில்லை. பிறகு அடிப்பகுதியில் நீராவிக் குமிழ்கள் தோன்றுகின்றன. மேலே உள்ள நீர் இன்னும் குளிர்ந்திருப்பதால், எழும்பும் வழியிலேயே ஆவி சட்டென்று நீராகிவிட, குமிழ் நசுங்குகிறது. ஆயிரக்கணக்கான குமிழ்கள் இப்படி நசுங்குவதே அந்த இரைச்சல். நீர் முழுவதும் கொதிநிலையை அடைந்ததும் குமிழ்கள் நசுங்காமல் மேலே வந்து உடைகின்றன. இரைச்சல் அடங்கி, தளதளப்பு தொடங்குகிறது. அரிசியைப் போட்டதும் கொதி அடங்குவது ஏன் என்று மாணவர்களையே கேளுங்கள். கொதிக்கத் தொடங்கிய பின் தீயைக் கூட்டினாலும் நீரின் வெப்பநிலை ஏறாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். உள்ளுறை வெப்பப் பாடம் விறகுக் கணக்கோடு மனத்தில் நிற்கும்.

மூன்றாவது, தோசைக்கல். இதை வகுப்பில் செய்ய வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் தெளிக்கும்போது தள்ளி நின்று கவனிக்கச் சொல்லுங்கள். பதமான கல்லில் நீர் 'சுர்'ரென்று மறைகிறது. கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் துளிகள் முத்துப் போல் உருண்டோடுகின்றன. 'சுர்' சத்தம் இல்லை, மறையவும் நேரமாகிறது. சூடு கூடினால் வேகமாக ஆவியாக வேண்டுமே என்ற எதிர்பார்ப்பு இங்கே பொய்க்கிறது. துளிக்கு அடியில் உருவாகும் ஆவிப்படலம் கல்லின் வெப்பத்தைத் தடுப்பதே காரணம். ஜெர்மனியைச் சேர்ந்த லைடன்ஃப்ராஸ்ட் 1756-இல் இதை விவரித்தார்.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. நீரில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் வினாடிக்கு ஏறத்தாழ 1,482 மீட்டர். அது 74 டிகிரி வரை கூடி, ஏறத்தாழ 1,555 மீட்டரைத் தொட்டுப் பின் குறைகிறது. ஊற்றும் ஓசை மாறுவதற்கு இது காரணமன்று. இரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். சுடுதண்ணீரை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும். மாணவர்கள் மூன்று அடியாவது தள்ளி இருக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் பானைத் தண்ணீரையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் கொண்டு செய்தாலே போதும். வேறுபாடு நுட்பமாக இருக்கும், விடை பிசகலாம், ஆனால் கூர்ந்து கேட்கும் பழக்கம் வரும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பார்வைத்திறன் இல்லாத மாணவரைப் பதிவேட்டில் சேர்த்துவிட்டோம். சோதனை மேசையிலும் சேர்க்க வேண்டும். அடுத்த பருவத்துக்கான பாடத்திட்டக் குறிப்பேட்டை எழுதும்போது, ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் எதிரே ஒரு கட்டம் போடுங்கள்: இதைக் காதால், மூக்கால், விரலால் அறிய வழியுண்டா? சிறப்புப் பயிற்றுநரோடு உட்கார்ந்து அதை நிரப்புங்கள். நிரம்பும் கட்டங்களால் பயன்பெறப்போவது ஒரு மாணவர் மட்டுமல்ல, முழு வகுப்பும்தான்.